முதல்

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஒன்பதுக்கு ஆறடி என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்.
கூட்ஸ் வண்டி போகும்போது
திரையில் எழுத்துகள் நடுங்கும்.

ஜூலை வந்தால்
ஏழ்மையைத் தட்டச்சு செய்வது என் வேலை.
ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம்.
எல்லோருக்கும் எழுபத்திரண்டாயிரம்.
தாலுகா ஆபீஸ் க்யூவில் என்றோ யாரோ சொன்ன எண்
மீன் அறுப்பவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும்
சாவுக்கு மேளம் அடிப்பவருக்கும்
தீபாவளி இலவசச் சட்டை போல
ஒரே அளவில் பொருந்திவிட்டது.

யுவராணி வந்தபோது கரண்ட் போயிருந்தது.
காத்திருந்தாள்.
வந்ததும் கவரை மேசையில் கவிழ்த்தாள்:
சாதிச் சான்று, மாற்றுச் சான்று,
அப்பாவின் மாற்றுத்திறனாளி அட்டை,
பத்து போட்டோ.
அதில் நாலு அவள் அண்ணனுடையது,
எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

"முதல் பட்டதாரி சர்ட்டிபிகேட் எடுக்கணும்க்கா.
இத்த வச்சா ஃபீஸு கொறையுமாம்."

உங்கள் குடும்பத்தில் வேறு யாரேனும்
இச்சலுகையைப் பெற்றுள்ளனரா?
ஆம். இல்லை.
மூன்றாவதாக ஒரு கட்டம் கிடையாது.

டில்லிபாபு பெற்றிருந்தான்.
மூன்று செமஸ்டர்.
நாலாவதுக்கு முன்னால்
எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு ட்ரெய்லர்
அப்பாவின் வலது காலை
முட்டி வரைக்கும் எடுத்துக்கொண்டது.
இப்போது தண்ணி லாரியில் கிளீனர்.
பட்டதாரி ஆகவில்லை,
ஆனால் முதல் அவன்தான்.

முதல்.
எங்கள் தெருவில் இந்த வார்த்தைக்கு
வேறு பழக்கம்.
செவ்வாய்தோறும் ஃபைனான்ஸ்காரர் வருவார்,
பைக்கை அணைக்காமலே கை நீட்டுவார்.
கொடுப்பதெல்லாம் வட்டி.
முதல் அப்படியே நிற்கும்
நகராமல், இளைக்காமல்,
வீட்டில் இன்னோர் ஆள் மாதிரி.
"முதல்ல கை வச்சுட்டியா?" என்பாள் அம்மா,
நான் கடைப் பணத்தில் செருப்பு வாங்கிய அன்று.

தாசில்தார் ஆபீஸில் சொன்னார்களாம்,
அண்ணன் படிப்பை விட்டுவிட்டதாக
இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வா,
பார்க்கலாம்.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள்.
அவன் பேன்ட் முட்டிக்குக் கீழே ஈரம்.
நான் வழக்கமான வாசகத்தை அடித்தேன்.
பழகிய விரல்கள், யோசிப்பதில்லை.

டில்லிபாபு ஆகிய நான்
பட்டப்படிப்பை முடிக்கவில்லை என்றும்
இனிமேலும் முடிக்கப்போவதில்லை என்றும்
உளமார உறுதி கூறுகிறேன்.

குனிந்து படித்தான்.
உதடு அசையப் படித்தான்.
"அக்கா,
அந்த இனிமேலும் வேணுமா?"

யுவராணி அவனைப் பார்க்கவில்லை.
லேமினேஷன் மிஷினின் சிவப்பு விளக்கையே பார்த்தாள்.
வெளியே கேட் மூடும் மணி.

பேக்ஸ்பேஸை அழுத்தினேன்.
வலமிருந்து ஒவ்வொன்றாகப் போயிற்று,
இல்லை போயிற்று,
போவது போயிற்று,
கூட்ஸ் வண்டி தடதடத்த ஒரு நொடி
திரையில்
இனிமேலும் முடி
என்று நின்றது.
மூன்று பேரும் பார்த்தோம்.
பிறகு அதுவும் போயிற்று.

பத்திரம் இருபது, பிரிண்ட் பத்து.
இருபத்தைந்துதான் இருந்தது அவனிடம்.

அந்த ஒரு வரி குறைந்ததால்
திருப்பி அனுப்புவார்களோ, தெரியாது.
பதினெட்டு நாளாகப் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது.
ஷட்டரைத் தூக்கியதும்
முதல் போணிக்கு முன்னால்
அவள் எண்ணைத்தான் தட்டிப் பார்க்கிறேன்.

நேற்று லாரியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு
டில்லிபாபு ஓடி வந்தான்.
ஐந்து ரூபாயை வைத்தான்.
"அந்த நாலு போட்டோ இங்கியே கீதாக்கா?"

எடுத்துக் கொடுத்தேன்.
எதுக்கு என்றேன்.

டிரைவர் ஹார்ன் அடித்தார்.
"இருக்கட்டும்க்கா" என்று
சட்டைப் பையில் போட்டான்,
நனையாத பக்கமாகப் பார்த்து.